இணைப்பு வேண்டுவோர் கை தூக்கவும்

ஒரு ஊரில் பள்ளிக்கூடத்தை மூடுவது பெரிய காரியம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டசபையில் பேச வேண்டும், டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்ட வேண்டும், கோர்ட்டு வரைக்கும் போக வேண்டும் என்றெல்லாம். ஒன்றும் தேவையில்லை. ஒரு ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, உள்ளே மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் போல ஒருவன். இவ்வளவு இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும். நான் முடித்திருக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். (அதிகாரிகள் இதற்கு ‘இடைநிற்றல்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கேயும் நிற்காமல் ஓடியவனுக்கு ‘நிற்றல்’ என்று யார் பெயர் வைத்தார்களோ.) அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போனது. அம்மாவும் அக்காவும் நடவுக்குப் போனார்கள். நான் திருப்பூருக்குப் போனேன். பனியன் கம்பெனி, அப்புறம் லாரியில் கிளீனர், அப்புறம் கேரளாவில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தது, நடுவில் சூரத்தில் ஒரு சாயப் பட்டறை. எங்கேயும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. சில இடங்களில் அவர்கள் துரத்தினார்கள், பல இடங்களில் எனக்கே சலித்துவிட்டது. பசித்தது, சாப்பிட்டேன். காய்ச்சல் வந்தது, போனது. அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படி ஒரு சலிப்புக்கும் அடுத்த சலிப்புக்கும் நடுவில் ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊரில், அக்கா செல்வி வீட்டில் வந்து தங்கியிருந்தேன். அக்கா ஊர்த் தொடக்கப்பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். அவள் மகள் யாழினி அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சும்மா படுத்திருந்த என்னை ஜப்பார் பாய் பிடித்துக்கொண்டார். பாய்க்குச் சொந்த ஊர் அதிராம்பட்டினம். வளைகுடாவில் ரொம்ப காலம் இருந்துவிட்டுத் திரும்பி, ஒரத்தநாட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். என் குரலைக் கேட்டதும், “தம்பி, இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு நீ மாவு பிசைஞ்சிருக்கியே” என்று வருத்தப்பட்டார். மறுநாளே மைக் ஆட்டோ என் கையில்.

பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் நுணுக்கம் ஒன்றே ஒன்று. “ஆட்டோ ஓடிக்கிட்டே இருக்கும். வாசல்ல நிக்கிற ஆளு காதுல நாலு வார்த்தைதான் விழும். அந்த நாலுல சரக்கு இருக்கணும்.” நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கல்லுப்பு விற்றேன். துணிக்கடைத் தள்ளுபடி விற்றேன். இறந்துபோன பெரியவர்களின் பெயரை ஊர் ஊராகச் சொல்லி, கேட்டவர்களைக் கண்கலங்க வைத்தேன். (ஒரு தடவை உயிரோடு இருந்தவரின் பெயரையும் சொல்லிவிட்டேன். அதை அவரே பெரிதுபடுத்தவில்லை.) எனக்கு இயல்பாகவே கர்வம் அதிகம். மைக்கில் அது இன்னும் கொஞ்சம் கூடியது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குச் சோதனை வந்தது.

காலையில் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து டை கட்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். மிச்சம் இருப்பவர்கள் எங்கள் பள்ளிக்கு. மிச்சம் வருடா வருடம் குறைந்தது. டீக்கடையில் இதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கொள்கை இருந்தது. இங்கிலீஷ் மீடியம் இல்லாததுதான் காரணம் என்பார் ஒருவர். வாத்தியார் பத்தவில்லை என்பார் இன்னொருவர். அரசாங்கப் பள்ளியில்தான் படித்தேன், கெட்டா போய்விட்டேன் என்று மூன்றாமவர் கேட்பார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பேசிய அத்தனை பேர் பேரப்பிள்ளைகளும் மஞ்சள் வேனில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் குறைந்த பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று மேலே யோசித்தார்கள். யோசித்ததோடு நிற்காமல், ஊர் மக்களின் கருத்தைக் கேட்க ஒரு அதிகாரியையும் அனுப்புவதாகச் சொன்னார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி நல்ல பள்ளிதான். தூரமும் அதிகமில்லை. ஆனால் நடுவில் பட்டுக்கோட்டை ரோடு ஓடுகிறது. நெல் லாரியும் மணல் லாரியும் பிரேக் என்ற ஒன்று தங்களிடம் இருப்பதையே மறந்துவிட்டுப் போகிற ரோடு. யாழினி மாதிரி பொடிசுகள் அதைத் தாண்டிப் போக வேண்டும். வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் மிச்சம் இருந்தார்கள். கொண்டுபோய் விடுவதற்கு ஆள் கிடையாது. விடிந்தால் அம்மாக்கள் எல்லோரும் வயலில் இருப்பார்கள்.

தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். “தம்பி, நல்லா கூவிச் சொல்லுங்க. எல்லாரும் வந்து ‘இணைப்பு வேணாம்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பள்ளிக்கூடம் தப்பிச்சுடும். போன தடவை பெற்றோர் கூட்டத்துக்கு ரெண்டு பேர்தான் வந்தாங்க. அதுல ஒருத்தரு வழி கேக்க வந்தவரு.”

“டீச்சர், கூட்டத்தை எங்கிட்ட விடுங்க” என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் காதில் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது.

தாளில் இருந்தது இது: ‘நமது தொடக்கப்பள்ளியினை அருகமைப் பள்ளியுடன் இணைப்பது குறித்துப் பெற்றோர் மற்றும் பொதுமக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம்.’ முதல் சுற்றில் இதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். கீழத்தெருவில் ஒரு அம்மா வெளியே வந்து, மீன் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். டீக்கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது. அதுவும் ‘அருகமை’ வருவதற்குள் திரும்பிவிட்டது.

எனக்கு மானம் போய்விட்டது. ஆட்டோவை வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி யோசித்தேன். பாய் சொன்னது சரி, வாக்கியம் நீளம். ஆட்டோ ஒரு வீட்டைத் தாண்டுவதற்குள் ‘தொடக்கப்பள்ளியினை’கூட முடியவில்லை. இதில் சரக்கு எது? ‘இணைப்பு’தான் சரக்கு. பள்ளி என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா, கூட்டமே பள்ளிக்கூடத்தில்தானே நடக்கிறது? வெட்டினேன்.

“இணைப்பு! இணைப்பு! இணைப்பு! நாளை காலை, நமது பள்ளிக்கூட வளாகத்தில்! அதிகாரி நேரில் வருகிறார்! இணைப்பு! அனைவரும் வாருங்கள்! கருத்தைச் சொல்லுங்கள்! இணைப்பு!”

ஊர் திரும்பிப் பார்த்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம், கல்லணையிலிருந்து வரும் புதாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். சில வருடம் வரும், சில வருடம் ‘வருது வருது’ என்ற செய்தி மட்டும் வரும். அதனால் ஆளாளுக்குப் போர் போட்டு, மோட்டாருக்கு அரசாங்கத்தின் இலவச மின் இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கோவிந்தராசு அண்ணன் எழுதிக் கொடுத்தபோது அவர் மனைவி வயிற்றில் இருந்த பையனுக்கு இப்போது மீசை. எங்கள் ஊரில் ‘இணைப்பு’ என்றால் அந்த ஒரே இணைப்புதான். மற்றதெல்லாம் சேர்ப்பது, ஒட்டுவது, கட்டுவது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல வருடம் ஊரில் இல்லாத எனக்குத் தெரியவில்லை.

கோவிந்தராசு அண்ணன் காய்ந்த வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்து ஆட்டோவை மறித்தார்.

“தம்பி, நெசமாவா? அதிகாரி இங்கயே வர்றாரா?”

“நேர்ல வர்றாருண்ணே.”

“இலவசம்தானே? அப்புறம் தட்கல்னு சொல்லிக் காசு கேக்கமாட்டாங்களே?”

ரயிலில்தான் தட்கல் உண்டு என்று நினைத்திருந்தேன். தனியார் பள்ளியில் சீட்டுக்கும் அப்படி ஒன்று வந்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். “அரசாங்கத்துதுண்ணே. எல்லாம் இலவசம்.”

“பேரு விட்டுப்போனவங்க புதுசா சேரலாமா?”

“தாராளமா சேரலாம். ஆளு சேரலேங்கறதுதானே பிரச்சினையே!”

“அப்ப எங்க சித்தப்பாவையும் சேத்துக்கச் சொல்லு. பாவம், ரொம்ப நாளா ஏங்கிக்கிட்டு இருக்காரு.”

சித்தப்பாவுக்கு எழுபது வயது இருக்கும். இந்த வயதிலும் படிக்க ஆசையா என்று எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. “கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. அவரை முன்வரிசையில உக்கார வைக்கிறேன்” என்றேன். உட்காரவும் வைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூட வளாகம் கொள்ளவில்லை. பக்கத்துத் தெரு, மேலத்தெரு, ஊரைவிட்டுப் போய்ப் பெண் கட்டிய வீட்டில் இருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். ஸ்டெல்லா டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர். “தம்பி, உங்களை மறக்கவே மாட்டேன்” என்றார். (மறக்கவில்லை.) அதிகாரி ஜீப்பில் இருந்து இறங்கும்போது கொஞ்சம் தயங்கினார். முந்தின ஊர்களில் அவரை வாசலிலேயே மறித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இங்கே இறங்கியதும் கோவிந்தராசு அண்ணன் பொன்னாடை போர்த்தினார். ஒருவர் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். அதிகாரி அந்தச் சோடாவைச் சந்தேகத்தோடுதான் குடித்தார்.

பேசத் தொடங்கினார். “வளங்களை ஒருங்கிணைத்து, உட்கட்டமைப்பை மேம்படுத்தி, கடைக்கோடியில் உள்ளவருக்கும் பயன் சென்றடையும் வகையில் இந்த இணைப்பு...” கடைக்கோடி என்றதும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரைவிடக் கடைக்கோடி ஏது? “மின்னணுப் பலகை உள்ளிட்ட வசதிகள்...” என்று அடுத்து சொன்னார். ‘மின்’ காதில் விழுந்ததுதான் தாமதம், கைதட்டல் அடங்க நேரமானது. அதிகாரி தன் பேச்சை இவ்வளவு பேர் ரசித்து வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று தோன்றியது. குரலில் புது மிடுக்கு வந்துவிட்டது. ‘பள்ளி’ என்ற சொல்லையும் நடுநடுவே சொன்னார். கூட்டம் நடக்கிற இடத்தைச் சொல்கிறார் என்று ஊர் விட்டுவிட்டது.

ஸ்டெல்லா டீச்சர் எழுந்து மைக்கை வாங்கினார். “ஊர் மக்களே, யோசிச்சுப் பாருங்க. இந்த இணைப்பு நமக்கு வேணாம்...”

அவ்வளவுதான். “டீச்சர், உங்களுக்கென்ன, மாசமானா சம்பளம் வருது! எங்க பொழப்பு காயுது!” என்று ஒரு பெண் எழுந்தார்.

“பிள்ளைங்க எதிர்காலத்தை நெனச்சுத்தான் சொல்றேன்மா.”

“பிள்ளைங்களுக்காகத்தான் நாங்களும் கேக்கறோம்! வெளியூருலேருந்து பஸ்ல வந்துட்டுப் போறவங்க எங்க ஊரு நல்லதைக் கெடுக்காதீங்க!”

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. எதிர்த்துப் பேசியவர்கள், இத்தனை வருடம் அவர் மூக்கு துடைத்துவிட்டு வளர்த்த பிள்ளைகளின் அம்மாக்கள். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் மனதை யாராலும் கணிக்க முடியாது என்று எனக்குள் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன்.

சமையல்கட்டில் இருந்து அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். “டேய், எல்லாரும் ஏன்டா அந்தாளுக்குக் கைதட்டறாங்க? நீ என்னடா சொல்லிக் கூப்பிட்ட?”

“டீச்சர் எழுதிக் கொடுத்ததைத்தான். கொஞ்சம் சுருக்கினேன்.”

“எவ்வளவு சுருக்குன?”

பதில் சொல்வதற்குள் அதிகாரி, “இணைப்புக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க” என்றார். காற்றில் சாய்ந்த நெல் வயல் ஒரேயடியாக நிமிர்ந்த மாதிரி அத்தனை கையும் எழுந்தது. சித்தப்பா நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே கைத்தடியைத் தூக்கினார். கோவிந்தராசு அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார்.

“ஒரு கை போதுங்க” என்றார் அதிகாரி.

“எனக்கு ரெண்டு போர் இருக்குங்கய்யா.”

அதிகாரிக்கு அது புரியவில்லை. கூட வந்தவர் இதையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ‘இவ்வளவு விழிப்புணர்வுள்ள கிராமத்தை நான் பார்த்ததில்லை’ என்று பாராட்டிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். கோவிந்தராசு அண்ணன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, கம்பம் எப்ப நடுவீங்க?”

“கம்பமா? அதான் கொடிக்கம்பம் நிக்குதே.”

“அதில்லீங்கய்யா. டிரான்ஸ்ஃபார்மரு?”

“டிரான்ஸ்ஃபரா? அது டீச்சருக்குத் தானா வந்துடும், கவலைப்படாதீங்க.”

ஜீப் போய்விட்டது. பிறகு கோவிந்தராசு அண்ணன் ஸ்டெல்லா டீச்சரிடம் திரும்பி, “டீச்சர், இவரு கரண்ட்டு ஆபீஸருதானே?” என்று கேட்டார்.

டீச்சர் முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஊரே என்னைப் பார்த்தது. மைக் ஆஃப் செய்யப்படாமல் இருந்ததால் நான் எச்சில் விழுங்கியது இரண்டு குழாயிலும் கேட்டது.

அடி விழவில்லை. அது எனக்கே ஆச்சரியம். அடிப்பதற்கு முன்னால் ஆபீசுக்குப் போய்ச் சரிசெய்யப் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னதால் தப்பித்தேன். போனோம். “ஐயா, அவங்க கரண்ட்டுன்னு நெனச்சுக் கை தூக்கிட்டாங்க” என்று நானே முன்னால் நின்று சொன்னேன். அதிகாரி நிதானமாக, “கரண்ட்டு வேற டிபார்ட்மென்ட்டுங்க” என்றார். பிறகு செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். அதில் எல்லோரும் சிரித்த முகத்தோடு கை தூக்கியிருந்தார்கள். ஊர் ஒன்றுசேர்ந்து சந்தோஷமாக இருந்ததற்கு இருக்கிற ஒரே படம் அதுதான். அடுத்த ஜூனில் பள்ளி இணைந்துவிட்டது.

ஜப்பார் பாய் விவரம் கேட்டுவிட்டு, “நாலு வார்த்தைன்னு சொன்னேன். நீ ஏன்டா ஒண்ணோட நிறுத்துன?” என்றார்.

இணைத்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. புதிய பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறார். மின்னணுப் பலகை நிஜமாகவே இருக்கிறது. யாழினி எனக்கு இங்கிலீஷில் வழி சொல்கிறாள். அக்காவுக்கும் அங்கேயே சமையல் வேலை கிடைத்தது. ஸ்டெல்லா டீச்சருக்கு வேறு ஒன்றியத்துக்கு மாற்றல் வந்தது. போகிற அன்றைக்கு அவரை ஊர் பஸ் ஏற்றிவிட்டது, கூட்டத்தில் எழுந்து சண்டை போட்ட பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார், டீச்சரும் அழுதார். எங்கள் பழைய கட்டடத்தில் கோழி முட்டையிடுகிறது. இதில் எதைக் கூட்டி எதைக் கழிப்பது? டிவியில் பேசுகிறவர்கள் மொழி, பாடத்திட்டம், பரீட்சை என்று பேசுகிறார்கள். எல்லாம் பெரிய விஷயம்தான். எங்கள் ஊருக்கு அன்றைக்கு இருந்த கேள்வி பட்டுக்கோட்டை ரோடு ஒன்றுதான். அதை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவிடாமல் செய்தது நான்.

அந்த ஜூனுக்கு முந்தின வாரம் கோவா பக்கம் ஒரு வேலை வந்தது. பையைக் கட்டி வைத்திருந்தேன். அக்கா பையை எடுத்துப் பரணில் போட்டாள்.

“எங்க கெளம்புற?”

“வேலைக்குக்கா.”

“பிள்ளைங்களை யாரு ரோடு தாண்டி விடுறது? ஊரைக் கூப்பிட்ட வாயிதானே? ஓட்டுன ஆட்டோதானே? நீயே கொண்டுபோயி விடு. ஒரு பிள்ளை மேல லாரிக் காத்து படக்கூடாது, சொல்லிட்டேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“அந்த ரோட்டுல லாரி ஓடுற வரைக்கும்.”

பாயும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். “காலையிலயும் சாயங்காலமும் வண்டியைப் பிள்ளைங்களுக்கு எடுத்துக்க. நடுவுல எனக்குக் கூவு.” அப்படித்தான் எங்கேயும் ஒரு வருடம் தங்காத நான், தலையில் இரண்டு குழாயோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். மழையில் போனேன். காய்ச்சலோடு போனேன். பொங்கல் விடுமுறை என்பது மறந்துபோய் ஒரு நாள் வெறும் ஆட்டோவோடு போய், பூட்டிய கேட்டின் முன்னால் ஹாரன் அடித்தேன். யாழினி ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். நான் இன்னும் அதே பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன ஆண்டு விழாவில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் முழு வருகைக்கான பரிசை அறிவித்தார். பிள்ளைகளில் யாரும் தேறவில்லை, எல்லோரும் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பரிசு வீணாகக்கூடாது என்று என் பெயரைக் கூப்பிட்டார். மேடை ஏறி, ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் ஏறிய பக்கமே இறங்கினேன்.

அக்கா அந்தத் தட்டை வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறாள். “தம்பி பள்ளிக்கூடத்துல வாங்குன பரிசு” என்று எடுத்துக் காட்டுவாள். எத்தனாவது படிக்கும்போது வாங்கியது என்று யாராவது மரியாதைக்குக் கேட்டுவிட்டால் போதும். யாழினி உள்ளே இருந்தபடியே சத்தமாக, “மாமா இன்னும் பாஸாகல! போயிக்கிட்டுத்தான் இருக்காரு!” என்பாள்.